கத்ரு என்று சொல்ல உரியவர் யார்?

கதிர்காமத்தில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் இஷாத் தொழுகைக்குப் பின் சிறிது நேரம் ஹதீஸ் வாசித்து விளக்கும் வழக்கம் உண்டு. வருவோர் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். சில வாரங்களுக்கு முன் இழப்பீடு பற்றிய பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ள ஒரு நபிமொழி அன்று வந்தது. கால்நடையால் நேரும் சேதத்துக்கும், கிணற்றில் நேரும் மரணத்துக்கும், சுரங்கத்தில் நேரும் மரணத்துக்கும் ஈடு இல்லை என்பது அதன் பொருள். 'ஜுபார்' என்பது அங்கே ஆளப்பட்டுள்ள சொல். ஈடு கோர வழியில்லாதது என்று அதற்குப் பொருள் கூறுவர்.

பொறியியல் படிக்கும் இளைஞர் ஒருவர் சற்றுத் தயங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், சுரங்கத்தில் செத்தவனுடைய இரத்தத்துக்கு விலை இல்லை என்றால், சாஸ்நாலாவில் செத்துப்போன 375 பேருக்கும் யாருமே பொறுப்பில்லையா?"

நான் வாய் திறக்கும் முன்பே, சுவரோரம் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர் விடை கூறிவிட்டார்: "எல்லாம் கத்ரு, தம்பி. ஆயுசு முடிந்துவிட்டால் வீட்டுக் கட்டிலிலும் மவுத்து வரும்."

பெரியவர் கூறியதில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் இளைஞரின் கேள்விக்கு அது விடையாகவும் இல்லை. "நாளை பேசுவோம் வாப்பா" என்று கூறிக் கிதாபை மூடினேன். அந்த நாளை பல நாளைகளாகிவிட்டது. அன்று சொல்லாத விடையை இப்போது எழுத முற்படுகிறேன்.

சாஸ்நாலா என்பது இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்தில், தன்பாத்துக்கு அருகிலுள்ள நிலக்கரிச் சுரங்க ஊர். 1975ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பிற்பகலில் அங்கே ஆழத்தில் ஆட்கள் கரி வெட்டிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு மேலே, முன்பே கரி எடுத்து முடித்துக் கைவிடப்பட்ட பழைய சுரங்கம் இருந்தது. அதில் ஆண்டுக்கணக்கில் நீர் தேங்கிக் கிடந்தது. அந்த நீருக்கும் கீழே பணிபுரிந்த மனிதருக்கும் இடையில் தடுப்பாக நின்றது வெட்டாமல் விடப்பட்ட கரிப்பாறை மட்டுமே. அன்று அது உடைந்தது. உள்ளே இருந்த 375 பேரில் ஒருவரும் மீளவில்லை. நீரை இறைக்க வெளிநாடுகளிலிருந்து இயந்திரங்கள் வர வேண்டியிருந்தது. முதற்சடலத்தை எட்டவே வாரங்கள் ஆயின. வழக்கின் தீர்ப்பு 2012ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று. அதற்குள் குற்றஞ்சாட்டப்பட்டோருள் சிலர் இறந்துபோயிருந்தனர். எஞ்சியோருக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

பழைய சுரங்கத்தில் நீர் நிற்பது எவரும் அறியாத மறைபொருள் அன்று. எத்தனை அடி கனமுள்ள பாறையை வெட்டாமல் விடவேண்டும் என்பதும் கணக்கிடக் கூடியதே. மறைவானவற்றின் ஞானம் இறைவனுக்கே உரியது என்று நாம் நம்புகிறோம். மேலே தேங்கி நின்ற அந்த நீர் மறைவானவற்றுள் சேருமா என்பதே கேள்வி.

இவ்விடத்தில் என் மாணவப் பருவத்தில் நடந்த ஒன்றைக் கூற வேண்டும்.

அப்போது நான் தஞ்சைப் பகுதியில் ஒரு மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். கடுங்கோடைக்காலம். ஊரில் வசதியுள்ள ஒருவர் வீட்டில் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. கொல்லைக் கிணறு பல ஆண்டுகளாகப் பலகையிட்டு மூடிக் கிடந்தது. அதைத் தூர் வாரித் தண்ணீர் காண விரும்பினார் அவர். அடுத்த ஊரிலிருந்து கிணறு இறங்கும் தொழிலாளி ஒருவர் வந்தார். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் முதலில் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் ஊர்களின் பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று நிற்கிறது, மனிதன் இறங்கலாகாது என்று பொருள். தொழிலாளி விளக்குக் கேட்டார். "நேரமாகிறது, ஒன்றும் ஆகாது, இறங்கு" என்றார் வீட்டுக்காரர். இறங்கியவர் பாதிக் கிணற்றிலேயே கைப்பிடி தளர்ந்து விழுந்தார். மேலே எடுத்தபோது உயிர் இல்லை. ஓடி வந்த அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு, "என் விதி, என் விதி" என்று அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் வீட்டுக்காரர் எங்கள் உஸ்தாதிடம் வந்தார். மனம் கலங்கித்தான் வந்தார். யாஸீன் ஓதி துஆச் செய்யும்படி வேண்டினார். பிறகு, "என்ன செய்வது ஹஜ்ரத், கத்ரு. அவனுக்கு எழுதியது அவ்வளவுதான்" என்றார்.

உஸ்தாத் நெடுநேரம் பேசவில்லை. பின், "விளக்கு இறக்கிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் தலை கவிழ்ந்தார். உஸ்தாத் சொன்னார்: "அந்தப் பெண் விதி என்று அழுதாளே, அது அவளுடைய சபுரு. அவள் சொன்னால் நான் ஆமீன் சொல்வேன். நீங்கள் சொன்னால் சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சொல்ல வேறு சொல் இருக்கிறது. தவ்பா என்பது அதன் பெயர். அந்தப் பிள்ளைகளின் சோற்றுக்கு வழி செய்துவிட்டு அதைச் சொல்லுங்கள்."

அவ்வாண்டு அந்த வீட்டிலிருந்து மத்ரஸாவுக்கு வரவேண்டிய நெல் வரவில்லை. இரவுச் சோறு எங்களுக்குக் குறைந்தது. உஸ்தாத் அதுபற்றி ஒரு சொல்லும் கூறியதில்லை.

அன்று எனக்கு அது உஸ்தாதின் கோபமாகவே பட்டது. பின்னர் அகீதா நூல்களை ஓதியபோதுதான், அவர் பேசியது கோபமன்று, இல்மு என்று விளங்கிற்று. நம் உலமாக்கள் ஒரு நெறி வகுத்துள்ளனர். கத்ரை மஸாயிபில், அதாவது நேர்ந்துவிட்ட துன்பத்தில், ஆறுதலுக்காக எடுத்துரைக்கலாம். மஆயிபில், அதாவது செய்த குற்றத்தில், சாக்காக எடுத்துரைக்கலாகாது. சொல் ஒன்றே. பறிகொடுத்தவரின் நாவில் அது ஈமானாகிறது. காரணமாயிருந்தவரின் நாவில் அது தப்பிக்கும் வழியாகிவிடுகிறது.

உமர் (ரலி) அவர்களின் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. ஷாம் நாட்டை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்தபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. தோழர்களைக் கலந்து, திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்தா ஓடுகிறீர் என்று அபூ உபைதா (ரலி) வினவினார்கள். ஆம், அவனுடைய ஒரு கத்ரிலிருந்து அவனுடைய மற்றொரு கத்ருக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடை பகர்ந்தார்கள். ஒருபுறம் செழித்தும் மறுபுறம் வறண்டும் உள்ள ஒரு பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எப்புறம் மேய்த்தாலும் அது விதிப்படியே என்று உவமையும் காட்டினார்கள். எந்தப் புறம் ஓட்டுவது என்று தேர்வது மேய்ப்பனின் கடமையாகிறது. தலைமை தாங்குவோர் தம் கீழுள்ளோரின் உயிர் பற்றி முடிவெடுக்கும்போது கத்ரைப் பற்றி எவ்வாறு எண்ண வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த பாடம் வேண்டுவதில்லை.

நிற்க. இந்நெறியைக் கைக்கொண்டு தொடக்ககால நிலக்கரிச் சுரங்க ஊர்களின் வரலாற்றைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் சில்க்ஸ்டன் என்றோர் ஊர். அங்குள்ள ஹஸ்கர் சுரங்கத்தில் 1838 ஜூலை 4ஆம் நாள் பெருமழை கொட்டியது. ஆட்களை மேலேற்றும் நீராவி இயந்திரத்தின் அடுப்பு மழையில் அவிந்தது. உள்ளே இருந்த சிறார் மலைச்சரிவில் திறக்கும் வேறொரு வழியாக வெளியேற முயன்றனர். அருகிலிருந்த ஓடை கரைபுரண்டு அவ்வழியே புகுந்தது. காற்றோட்டத்துக்காக அமைத்த கதவொன்று அவர்களை மறித்து நின்றது. 26 சிறார் மாண்டனர். அவர்களுள் 11 பேர் பெண்மக்கள். எட்டு வயதுக் குழந்தையும் அவர்களுள் உண்டு.

அவ்வூர்த் தேவாலய வளாகத்தில் அவர்களுக்காக எழுப்பிய நினைவுக்கல் இன்றும் நிற்கிறது. ஆண்டவன் இடியையும் மழையையும் அனுப்பினான், சிறார் திடீரெனத் தம்மைப் படைத்தவனிடம் அழைக்கப்பட்டனர் என்னும் கருத்து அதில் பொறிக்கப்பட்டுள்ளது. மழையை அனுப்பியவன் இறைவனே. அதில் ஐயமில்லை. ஆனால் எட்டு வயதுக் குழந்தையைப் பாதாளத்துக்கு அனுப்பியவர் யார்? அதைப் பற்றிக் கல் பேசவில்லை. நாட்டில் சிலர் அக்கேள்வியைக் கேட்டனர். அரசு விசாரணைக் குழு அமைந்தது. பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்யலாகாது என்று 1842ஆம் ஆண்டு சட்டம் பிறந்தது. கத்ரு என்று எழுதி முடித்திருந்தால் அச்சட்டம் வந்திராது.

1862 ஜனவரி 16ஆம் நாள் ஹார்ட்லி என்னும் சுரங்கத்தில் நடந்ததும் இத்தகையதே. அச்சுரங்கத்துக்கு இறங்கவும் ஏறவும் ஒரே ஒரு குழிதான் இருந்தது. நீர் இறைக்கும் இயந்திரத்தின் பெரிய இரும்பு உத்தரம் முறிந்து அக்குழிக்குள் விழுந்து வழியை அடைத்துவிட்டது. 204 ஆண்களும் சிறுவரும் உள்ளே நச்சுக்காற்றால் மடிந்தனர். இறந்த ஒருவரின் குறிப்பேட்டில், இருளில் அவர்கள் ஒன்றுகூடிப் பிரார்த்தனை செய்த செய்தி எழுதப்பட்டிருந்தது. மரணத்தை எதிர்நோக்கி அமர்ந்திருந்த அம்மக்கள் தம்மை இறைவனிடம் ஒப்படைத்தனர். அவ்வாறு செய்ய அவர்களுக்கு உரிமை இருந்தது. மேலே இருந்தவர்களின் கடமையோ வேறு. அதே ஆண்டில், ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு வழிகள் இருந்தாக வேண்டும் என்று சட்டம் செய்யப்பட்டது. இரண்டாவது குழி தோண்டச் செலவு அதிகம் என்பதே அதுவரை அது தோண்டப்படாமைக்குக் காரணம்.

நம் புதுச்சேரியை அந்நாளில் ஆண்ட பிரெஞ்சுக்காரரின் நாட்டிலும் ஒரு பேரழிவு நேர்ந்தது. 1906 மார்ச் 10ஆம் நாள் வடபிரான்சின் கூரியேர் சுரங்கங்களில் கரித்தூள் வெடித்து 1,099 பேர் இறந்தனர். அங்கே சில நாட்களுக்கு முன்பே நிலத்தடியில் தீப்பற்றியிருந்தது. அது அணையும்வரை எவரையும் இறக்க வேண்டாமென்று தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். வேலை நிறுத்தப்படவில்லை. வெடிப்புக்குப் பின் மூன்றாம் நாளிலேயே, இனி உயிருடன் எவரும் இரார் என்று கருதி மீட்புப் பணி கைவிடப்பட்டது. ஆனால் இருபதாம் நாள் 13 பேர் தாமே வழி தேடித் தட்டுத்தடுமாறி வெளியே வந்தனர். சில நாட்கள் கழித்துப் பதினான்காவது ஆளும் வந்தார். அவர்களுக்கும் ஆயுள் முடிந்துவிட்டதென மேலே இருந்தவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். எழுதும் உரிமை எவனுக்கு உரியதோ அவன் அவ்வாறு எழுதியிருக்கவில்லை.

இவை கடல்கடந்த செய்திகள். நம் நாட்டில் 1774ஆம் ஆண்டில் வங்காளத்தின் ராணிகஞ்சுப் பகுதியில் நிலக்கரி எடுக்கத் தொடங்கினர். 1855இல் கல்கத்தாவிலிருந்து அங்கே இரயில் பாதை எட்டியதும் தொழில் பெருகிற்று. சந்தால், பாவுரி முதலிய மக்கள் குடும்பம் குடும்பமாகச் சுரங்கத்தில் இறங்கினர். கணவன் வெட்டிய கரியை மனைவி கூடையில் சுமந்தாள். இங்கிலாந்தில் 1842இல் தடுக்கப்பட்டது நம் நாட்டில் அடுத்த நூற்றாண்டிலும் நீடித்தது. 1929இல் தொடங்கித்தான் பெண்கள் படிப்படியாக நிலத்தடி வேலையிலிருந்து விலக்கப்பட்டனர். 1943இல் போருக்குக் கரி வேண்டுமென்று அந்தத் தடையும் தளர்த்தப்பட்டது. 1946இல்தான் மீண்டும் தடை வந்தது. உயிரின் விலை நாட்டுக்கு நாடு, தேவைக்குத் தேவை மாறியது என்பதை இது காட்டுகிறது.

அப்பகுதியில் 1936 டிசம்பர் 18ஆம் நாள் பொய்டி சுரங்க வெடிப்பில் 209 பேர் இறந்தனர். 1965 மே 28ஆம் நாள் பீகாரின் தோரி சுரங்கத்தில் 268 பேர் இறந்தனர். இத்தகைய வெடிப்புகளின் காரணம் புரியாத புதிர் அன்று. கரிப்படலத்திலிருந்து மீத்தேன் வாயு கசிகிறது. காற்றில் அதன் அளவு நூற்றுக்கு ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்டால் ஒரு பொறி பட்டதும் வெடிக்கும். அவ்வெடிப்பு தரையில் கிடக்கும் கரித்தூளைக் கிளப்ப, அத்தூள் அதனினும் பெரிதாய் வெடிக்கும். பின் எழும் நச்சுக்காற்று, தீயில் தப்பியோரையும் கொல்லும். நல்ல காற்றோட்டம், வாயுவை அளத்தல், கரித்தூளின்மேல் கல்தூள் தூவுதல் ஆகியவை இதற்குரிய காப்புகள். நோயும் மருந்தும் தெரிந்த பின்னும் மருந்து கொடாதவன், நோயாளி இறந்ததும் விதியைப் பழிப்பது நேர்மையாகாது.

அறிவு பெருகினால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிடலாகாது. 1812 மே 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் இறந்ததன் விளைவாக, 1815இல் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர் கம்பிவலை சூழ்ந்த பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். வாயு நிறைந்த இடத்திலும் அது வெடிப்பை மூட்டாது. ஆனால் நடந்தது என்ன? முன்பு ஆபத்தென்று விட்டுவைத்த ஆழங்களிலும் அந்த விளக்கை நம்பி ஆட்களை இறக்கினார்கள். சாவு எதிர்பார்த்தபடி குறையவில்லை. காப்பதற்காக வந்த கருவியை இலாபம் தன் கைவிளக்காக்கிக் கொண்டது.

இனி அந்த நபிமொழிக்கு வருவோம். சுரங்கத்தின் இரத்தம் ஈடற்றது என்றால், மேலே கண்டவர்களின் இரத்தமும் ஈடற்றதுதானா?

அறியாமைக் காலத்து அரபிகளின் வழக்கம் ஒன்றை இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) குறிப்பிடுகிறார். ஒருவன் கிணற்றில் விழுந்து செத்தால் அந்தக் கிணற்றையே அவனுக்கு ஈடாக்குவார்கள். விலங்கு கொன்றால் அந்த விலங்கையும், சுரங்கம் கொன்றால் அந்தச் சுரங்கத்தையும் ஈடாக்குவார்கள். இங்கிலாந்திலும் 1846ஆம் ஆண்டுவரை, மனிதன் சாகக் காரணமான பொருளைப் பறிமுதல் செய்யும் பழஞ்சட்டம் இருந்தது. இது உயிரற்ற பொருளின்மேல் பழி சுமத்தும் மரபு. பெருமானார் (ஸல்) அவர்கள் இம்மரபையே அகற்றினார்கள். மண்ணுக்கும் கல்லுக்கும் குற்றமில்லை, வாயற்ற உயிருக்கும் குற்றமில்லை. அப்படியானால் குற்றம் எங்கே தேடப்பட வேண்டும்? மனிதனின் செயலில்.

ஃபுகஹாக்கள் அவ்வாறே விளங்கிக்கொண்டனர். ஒருவன் தன் சொந்த நிலத்தில் கிணறு தோண்டினான். அவன்மேல் வரம்புமீறல் எதுவும் இல்லாதபோது அதில் ஒருவர் தவறி விழுந்தால் ஈடில்லை. அதே கிணற்றை அனுமதியின்றிப் பொதுவழியில் தோண்டியிருந்தால், விழுந்தவருக்கு அவனே பொறுப்பு. இரண்டும் கிணறே. வேறுபாடு வரம்புமீறலில் இருக்கிறது. ஹனஃபி நூல்களில் சாய்ந்த சுவரைப் பற்றி ஒரு சட்டம் வருகிறது. வழிமேல் சாயும் சுவரை இடிக்கும்படி உரியவனுக்கு எச்சரிக்கை விடப்பட்டு, இடிக்கக்கூடிய அவகாசமும் இருந்தும் அவன் வாளாவிருந்து, சுவர் விழுந்து ஒருவரைக் கொன்றால், அவன் ஈடு தர வேண்டும். எச்சரிக்கை வந்த கணத்தில் சுவர் வெறும் சுவராக இருப்பது நின்றுவிடுகிறது.

இந்த அளவுகோலைக் கையிலெடுங்கள். தீ எரிகிறது, இறக்காதீர் என்று கூரியேரில் ஒருவர் சொன்னது சாய்ந்த சுவரைப் பற்றிய எச்சரிக்கையன்றோ? தலைக்குமேல் நீர் நிற்பது தெரிந்த சாஸ்நாலாவில் சுவர் சாய்ந்தே நிற்கவில்லையா? விளக்குக் கேட்ட அந்தக் கிணற்றுத் தொழிலாளியின் சொல்லும் ஓர் எச்சரிக்கையே. 'ஜுபார்' என்னும் சொல் இவர்களுக்கு நிழல் தராது.

"ஆபத்தென்று தெரிந்துதானே அவன் இறங்கினான்? கூலி வாங்கச் சம்மதித்தானே?" என்று வாதிடுவோர் உண்டு. ஆங்கிலேய நீதிமன்றங்களும் பல்லாண்டுகள் இவ்வாறே கூறிவந்தன. ஆனால் சம்மதம் என்பது யாது? அன்று வங்காளத்துச் சுரங்கக் கம்பெனிகள் ஜமீன் உரிமைகளையும் வாங்கின. சுரங்கத்தில் இறங்கினால்தான் உழுவதற்கு நிலம் என்று குடியானவனிடம் கூறின. அடுப்பில் பூனை உறங்கும் வீட்டிலிருந்து வருபவன் தலையசைப்பதை முழுச் சம்மதமென்று எந்தக் காஜி ஏற்பார்? இந்தியாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்த பின்னரே, வேலையில் இறந்தவனுக்கு ஈடு தருவது வேலை தந்தவரின் கடமை என்பது நிலைபெற்றது. தொழிலின் இலாபத்தை நுகர்பவர் அதன் ஆபத்தையும் சுமக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆதாயமும் பொறுப்பும் பிரிக்கவொண்ணாதவை என்ற கொள்கை நம் ஃபிக்ஹு படித்தோருக்கும் புதிதன்று.

இன்னொரு வாதமும் உண்டு. இடிபாட்டில் சிக்கி இறப்பவரும் நீரில் மூழ்கி இறப்பவரும் ஷஹீதின் தகுதி பெறுவர் என்று நாம் ஓதியிருக்கிறோம். அவ்வளவு உயர்ந்த மரணம் வாய்த்திருக்க, யாரைக் குறை கூறுவது என்பார்கள். ஹம்ஸா (ரலி) ஷஹீதானார்கள். உமர், உஸ்மான், அலீ (ரலி) ஆகிய கலீஃபாக்களும் ஷஹீதானார்கள். அதனால் அவர்களைக் குத்தியவர்களின் கைகள் தூய்மையாகிவிட்டனவா? இறந்தவருக்கு இறைவன் தரும் பதவி, இறக்கச் செய்தவருக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது.

தமிழ் மரபும் இதை அறியும். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். ஒன்றால் மற்றொன்றை அழிக்கவில்லை. சிலப்பதிகாரமோ ஊழ்வினையின் வலிமையைக் காட்டவே எழுந்த காப்பியம். ஆயினும் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது பாண்டியன், கோவலனின் ஊழ் அது என்று கூறித் தப்பவில்லை. பிழை தன்னுடையதென்று ஏற்று உயிர்விட்டான். காப்பியம் ஊழைப் பேசலாம். அரசன் பேசலாகாது என்பது இளங்கோவடிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

கத்ரின்மேல் நம்பிக்கை உடையோர் எவ்வாறு செயற்பட வேண்டும் என்பதற்கு, அதே ராணிகஞ்சிலிருந்து ஒரு சான்று கூறுகிறேன். 1989 நவம்பர் 13ஆம் நாள் மகாபீர் சுரங்கத்துள் நீர் புகுந்தது. ஆறு பேர் இறந்தனர். 65 பேர் நீர் சூழ்ந்த ஒரு பகுதியில் உயிருடன் சிக்கிக்கொண்டனர். ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர், மேலிருந்து புதிதாய் ஒரு துளை இட்டு, ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய இரும்புக் கூண்டை அதன்வழி இறக்கும் வழியைக் கண்டார். அக்கூண்டில் அவரே உள்ளே இறங்கினார். நவம்பர் 16ஆம் நாள் 65 பேரும் ஒருவர்பின் ஒருவராக மேலேற்றப்பட்டனர். மரணத்தின் கத்ரிலிருந்து வாழ்வின் கத்ருக்கு ஒட்டகங்களை ஓட்டிவந்த மேய்ப்பர் அவர். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். உமர் (ரலி) அவர்களின் விடையை அவர் செயலால் விளக்கினார்.

வாசகர்களுள் எவரும் சுரங்க முதலாளி அல்லர் என்பதை அறிவேன். ஆயினும் வீடு கட்டுவோர் நம்முள் உண்டு. கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் ஆள் தேடுவோர் உண்டு. சுரங்கத்தில் கொல்லும் காற்றின் உறவினனே கிணற்றிலும் மலக்குழியிலும் பதுங்கியிருக்கும் காற்று. நம் கதிர்காமத்துக்கு அருகே ரெட்டியார்பாளையத்தில், 2024 ஜூன் 11ஆம் நாள், பாதாளச் சாக்கடையின் நச்சுக்காற்று வீட்டுக் கழிவறைவழியே ஏறி மூவர் உயிரைக் குடித்ததை நாம் மறந்துவிடவில்லை. கழிவுத் தொட்டிக்குள் மனிதனை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அவ்வாறு இறந்தவரின் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது. இருந்தும், இயந்திர வண்டிக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்க, ஐந்நூறு ரூபாய்க்கு ஓர் ஏழையை இறக்கிவிடும் வீடுகள் இல்லாமற் போகவில்லை. தொழுகையாளிகளின் வீடுகளும் அவற்றுள் இருக்கக்கூடும். அத்தகைய வீட்டில் ஓர் உயிர் போனால், வீட்டுக்காரரின் வாயிலிருந்து முதலில் வரும் சொல் எதுவாயிருக்கும் என்பதை நான் அறிவேன். என் உஸ்தாத் அதற்கு ஆமீன் சொல்ல மறுத்ததையும் அறிவேன்.

அந்தப் பெரியவருக்கு நான் கூற விரும்புவது இதுவே: தாங்கள் சொன்னது மெய். கட்டிலிலும் மவுத்து வரும். ஆனால் கட்டிலில் வரும் மவுத்தை நாம் அழைப்பதில்லை. விளக்கு இறக்காமல் மனிதனை இறக்குவது, அதை வாசல்வரை சென்று அழைத்து வருவதாகும்.

அந்த இளைஞருக்குக் கூற விரும்புவது இதுதான்: வாப்பா, அந்த 375 பேரின் இரத்தம் ஈடற்றதாகாது. அந்த நபிமொழி மண்ணைத்தான் விடுவித்தது, மனிதனை விடுவிக்கவில்லை. நீ பொறியாளனாகி நாளை பத்துப் பேரை ஓர் இடத்துக்கு அனுப்பும் பொறுப்பில் இருப்பாய். அவர்களுள் ஒருவன் விளக்குக் கேட்பான். நேரமில்லை என்று மேலிடத்திலிருந்து உன்னிடம் சொல்வார்கள். அப்போது விளக்கை இறக்கிப் பார். நெல் வராமற் போனாலும் பரவாயில்லை.